குறுக்குக் கம்பிக்குப் பதிலாக ஒரு சாக்கடை வாய்: கடலோர நகராட்சிகளுக்குத் திறந்த மடல்

கடலோர நகரங்களின் நகராட்சிப் பொறியாளர்களுக்கும், வாகன நிறுத்தத்தையும் சுகாதாரத்தையும் கவனிக்கும் அலுவலர்களுக்கும் வணக்கம்.

கடற்கரை வாகன நிறுத்தத்தின் வாசலில் 2 மீட்டர் உயரத்தில் ஒரு குறுக்குக் கம்பி. படுக்கை, அடுப்பு, கழிவறையோடு வீடு போலவே இருக்கும் மோட்டார் ஹோம் வண்டிகள் இதைவிட உயரம், உள்ளே நுழைய முடியாது. மோட்டார் ஹோம் தொல்லைக்கு நகரங்கள் எடுக்கும் முதல் மருந்து இதுதான். பல இடங்களில் கடைசி மருந்தும் இதுவே. கம்பியைப் பார்த்துவிட்டு யாரும் ஊரைவிட்டுப் போவதில்லை. அடுத்த தெருவில் யாரோ ஒருவர் வீட்டு வாசலிலோ, பேருந்து திரும்பும் முனையிலோ நிறுத்திவிட்டு ஊர் சுற்றக் கிளம்பிவிடுகிறார்கள். தொல்லை இடம் மாறுகிறது, அவ்வளவுதான். இந்த வண்டிகளை ஓட்டுகிற, பழுது பார்க்கிற நாங்கள் கடலைப் பார்த்த முதல் வரிசையைக் கேட்கவில்லை. ஊர் எல்லையில், பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், கெட்டியான தரையும் ஒழுங்கான ஒரு சாக்கடை வாயும் இருந்தால் போதும்.

சாக்கடையிலிருந்தே தொடங்குகிறோம், ஏனென்றால் கடலோர நகரத்தில் அதுதான் தலையாயது. பல நகரங்களில் சாலையோர மழைநீர் வடிகால் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகாமல் நேரே கடலுக்குப் போகிறது. ஒரு மோட்டார் ஹோமில் சுமார் 100 லிட்டர் நல்ல தண்ணீர் ஏறும். குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீராக ஏறக்குறைய அதே அளவு கீழ்த்தொட்டியில் சேரும். கொட்ட இடம் இல்லாத ஊரில் சிலர் வால்வை லேசாகத் திறந்துவிட்டுச் சொட்டவிட்டபடியே ஓட்டுகிறார்கள். அது எங்கள் தரப்புத் தவறு. அதற்குச் சப்பைக்கட்டு கட்ட மாட்டோம். ஆனால் ஒழுங்காகக் கொட்ட நினைப்பவருக்கும் வழி இல்லை என்பது உங்கள் தரப்பில் இருக்கும் குறை.

அழுக்குத் தண்ணீர் வெளியேறும் குழாய் ஒரு வண்டியில் இடப்பக்கம் இருக்கும், இன்னொன்றில் வலப்பக்கம், வேறொன்றில் பின்சக்கரத்துக்குப் பின்னால் நட்டநடுவில். சதுரமாக ஒரு குழி வெட்டி வைத்தால் பாதிப் பேருக்கு அது எட்டாது. வண்டி ஏறி நிற்கும் காங்கிரீட் தளத்தில், அகலவாட்டில் குறைந்தது 3 மீட்டருக்கு ஒரு நீள வாய்க்கால் வேண்டும். மேலே வண்டியின் பாரம் தாங்கும் கம்பி மூடி. தளம் வாய்க்காலை நோக்கி 2 விழுக்காடு சாய்ந்திருக்கட்டும். தளத்தின் வெளி விளிம்பைச் சற்று உயர்த்திவிடுங்கள், இல்லையென்றால் சுற்றுவட்டார மழைத்தண்ணீரெல்லாம் பாதாளச் சாக்கடைக்குள் இறங்கிவிடும். கடற்கரையில் குளித்துவிட்டு வருபவர்கள் காலோடு மணலைக் கொண்டுவருவார்கள். அது தொட்டி வழியாக உங்கள் வாய்க்காலுக்குத்தான் வரும். மணல் பிடிக்கும் தொட்டி ஒன்றும், அதை வாராவாரம் அள்ள ஓர் ஆளும் இல்லையென்றால் ஒரே பருவத்தில் அடைத்துக்கொள்ளும்.

கழிவறைக் கழிவுக்குத் தனி வாய் வேண்டும். வண்டியின் கழிவறைக்கு அடியிலிருந்து கழற்றி எடுக்கும், கேசட் என்று நாங்கள் சொல்லும் பெட்டி 17 முதல் 20 லிட்டர் கொள்ளும். நிறைந்தால் ஏறக்குறைய 20 கிலோ. அதைச் சாய்த்து ஊற்றுபவர் ஒரு கையால் அடியைத் தாங்கி, மறுகைப் பெருவிரலால் காற்றுப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். விட்டுவிட்டால் பெட்டிக்குள் காற்றுப் புகாமல் குபுக் குபுக்கென்று கொட்டி, தெறித்து, செருப்புவரை நனைத்துவிடும். இரண்டு கையும் பெட்டியிலேயே இருப்பதால் மூடியைப் பிடித்துக்கொள்ள மூன்றாவது கை கிடையாது. ஆகவே, திறந்தால் திறந்தபடியே நிற்கும் மூடி, 30 சென்டிமீட்டருக்குக் குறையாத வாய், முழங்கால் உயரத்துக்கு மேற்படாத விளிம்பு. பக்கத்தில் பெட்டியை அலச ஒரு குழாய்.

இங்கேதான் ஆபத்து. அலசும் குழாயையும் குடிநீர்க் குழாயையும் ஒரே தூணில் மேலும் கீழுமாக வைக்கிறார்கள். அவசரத்தில் ஒருவர் குடிநீர்க் குழாயின் மூக்கைப் பெட்டிக்குள் விட்டு அலசுவார். அடுத்தவர் அதே மூக்கில் தன் ரப்பர் குழாயை மாட்டித் தொட்டியை நிரப்புவார். இரண்டுக்கும் இடையே சில மீட்டர் இடைவெளி விடுங்கள். குடிநீர்க் குழாய்க்கு மட்டும் மரை வைத்த மூக்கு, அலசும் குழாய்க்கு மரையே இல்லாத மூக்கு. இரண்டிலும் தண்ணீர் பின்னோக்கி ஏறாமல் தடுக்கும் வால்வு. ஒருமுறை அழுத்தினால் பத்து விநாடி மட்டும் ஓடும் குழாயைத் தயவுசெய்து போடாதீர்கள். நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றாலும் 100 லிட்டருக்கு அறுபது தடவை அழுத்த வேண்டும். அந்த வரிசையில் மூன்றாவதாக நிற்பவரின் பொறுமையை யோசித்துப் பாருங்கள்.

சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைப்பு இல்லாமல் சொந்தச் செப்டிக் தொட்டி வைக்கும் இடங்களுக்கு ஓர் எச்சரிக்கை: கேசட்டில் ஊற்றும் மருந்துகள் சிலவற்றில் கிருமிநாசினி உண்டு. சிறிய தொட்டியில் அது கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்களையே கொன்றுவிடும்.

இனி, நிறுத்தும் இடம். பெரும்பாலான வண்டிகள் 6 முதல் 7.5 மீட்டர் நீளம், கண்ணாடிகளை விட்டுவிட்டால் 2.3 மீட்டர் அகலம், 2.8 முதல் 3.2 மீட்டர் உயரம். எடை 3.5 டன்னை ஒட்டி இருக்கும். பல நாடுகளில் சாதாரண கார் உரிமத்தின் வரம்பு அதுதான். கார் டயரில் காற்றழுத்தம் 2.3 பார் என்றால் இவற்றில் 5 பார் அளவில் இருக்கும். தரையை அழுத்தும் விசையும் ஏறக்குறைய அதே விகிதத்தில் இரட்டிப்பு. கார் நின்ற புல்தரையில் இதுவும் நிற்கும் என்று கணக்குப் போட்டால், ஒரு மழைக்குப் பிறகு டிராக்டரைத்தான் கூப்பிட வேண்டும். முன்சக்கர இழுவை வண்டியில் பாரமெல்லாம் பின்னால் இருப்பதால், ஈர மணலில் முன்சக்கரம் சும்மா சுழலும். நன்றாக இடித்து இறுக்கிய சரளைத் தரையே போதும், தார் தேவையில்லை. சாய்வு 2 விழுக்காட்டைத் தாண்ட வேண்டாம். இந்த வண்டிகளில் இருக்கும், வாயுச் சுடரின் வெப்பத்தில் ஓடும் வகைக் குளிர்பெட்டி சுமார் 3 பாகைக்கு மேல் பக்கவாட்டில் சாய்ந்தால் குளிர்விப்பதை நிறுத்திக்கொள்ளும்.

இடம் குறைவா? ஒரு வழி இருக்கிறது. இந்த வண்டிகளில் பின்சக்கரத்துக்குப் பின்னால் 2 மீட்டர்வரை உடல் நீட்டிக்கொண்டிருக்கும். பின்சக்கரம் முட்டி நிற்கும் தடுப்புக் கட்டையை இடத்தின் முகப்பிலிருந்து 5 மீட்டரில் வைத்து, அதன் பின்னால் தாழ்ந்த செடிகள் கொண்ட பாத்தி விட்டால் 7 மீட்டர் வண்டி அடங்கிவிடும். அதே கட்டைக்குப் பின்னால் நடைபாதை இருந்தால் நடப்பவர்மேல் இடிக்கும்.

காற்றையும், கடல் ஏறி இறங்கும் ஓதத்தையும் மறக்க வேண்டாம். வழக்கமாக வீசும் காற்றுக்கு முகம் காட்டி வண்டிகள் நிற்குமாறு கோடு போடுங்கள். பக்கவாட்டில் அடித்தால் இரவெல்லாம் ஆடும், குளிர்பெட்டியின் வாயுச் சுடரும் அணையும். தாழ்வான நிலமென்றால் அமாவாசை, பௌர்ணமி ஓதத்தோடு கடற்காற்றும் சேரும் நாளில் தண்ணீர் எதுவரை ஏறும் என்று ஒரு கம்பத்தில் குறித்து வையுங்கள். உப்புக் காற்றில் 304 ரகத் துருப்பிடிக்காத எஃகும் கறை பிடிக்கும். குழாய்க்கும் மூடிக்கும் 316 வாங்குங்கள். மின்சாரம் இரண்டாம் பட்சம், கூரையில் சூரியத் தகடு இருப்பவர்கள் அநேகர். கொடுத்தால் இடத்துக்கு ஒரு பிரேக்கர் தனியாகக் கொடுங்கள். ஒருவர் கெட்டில் போட்டதற்கு எல்லோரும் இருட்டில் உட்கார வேண்டாம்.

விதியும் போடுங்கள்: 48 மணி நேரம், சக்கரம் நான்கும் தரையில், வண்டிக்கு வெளியே நாற்காலியோ பந்தலோ கூடாது. நிறுத்துவதற்கும் கூடாரம் போடுவதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதை அதே பலகையில் எழுதுங்கள்.

உயரக் கம்பிகளை எடுக்க மனமில்லையென்றால் இருக்கட்டும். ஆனால் அறிவிப்பைக் கம்பியின்மேல் தொங்கவிடாமல், அதற்கு முந்தைய சந்திப்பில் வையுங்கள். கம்பிக்கு முன்னால் வந்து நின்ற 7 மீட்டர் வண்டி, பின்னால் ஏழெட்டுக் கார்கள் ஒலியெழுப்ப, ஒருவர் இறங்கிக் கைகாட்ட, சாலைக்கே ரிவர்ஸில் வர வேண்டியிருக்கிறது. அம்புக்குறியோடு புதிய இடத்துக்கு வழியும் அதே பலகையில் இருக்கட்டும். உயர அளவை, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலும் ஏற்றிவிடுங்கள். மற்றதற்கெல்லாம் நிதி ஒதுக்க வேண்டும். இதற்கு ஒரு கம்பமும் நாலு போல்ட்டும் போதும். இந்த மாதமே செய்யலாம்.