கேம் இசையையும் இசைப் பக்கத்தில் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் பிள்ளைகள் வீடியோ கேம்களில் மூழ்கிக் கிடப்பதைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். நேரக் கட்டுப்பாடு, கண் நலம், தூக்கம் ஆகியவை பற்றி அதில் சொல்லப்பட்டிருந்த எதிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த விளையாட்டுகளின் இசையை, போகிற போக்கில், 'காதைத் துளைக்கும் இரைச்சல்' என்று ஒரே வரியில் ஒதுக்கித் தள்ளியிருந்ததை, வாய்ப்பாட்டும் கீபோர்டும் கற்பித்து வாழ்கிற என்னால் அப்படியே விட்டுவிட முடியவில்லை. என்னிடம் கற்க வரும் பிள்ளைகளில் பலர், சினிமாப் பாட்டு வாசிக்கத் தொடங்குவதற்கு முன்பே, ஏதோவொரு கேமின் மெட்டைத் தாங்களாகவே கட்டைகளில் தேடிக் கண்டுபிடித்து வாசித்துக் காட்டுகிறார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஒரு மெட்டு ஒரு பிள்ளையின் விரலுக்கு வந்து சேர்கிறதென்றால் அதில் ஏதோ இருக்கிறது என்பதை ஓர் ஆசிரியர் கவனிக்காமல் இருக்கக் கூடாது.

பின்னணி இசையின் வலிமையைத் தமிழ் ரசிகர்களுக்குப் புதிதாக விளக்க வேண்டியதில்லை; வசனமே இல்லாத ஒரு காட்சியை ஒரு புல்லாங்குழல் தூக்கி நிறுத்துவதைத் தலைமுறைகளாகக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் திரைப்பட இசையமைப்பாளருக்கு இருக்கும் ஒரு வசதி கேம் இசையமைப்பாளருக்குக் கிடையாது. படத்தொகுப்பு முடிந்த காட்சி திரைப்பட இசையமைப்பாளரின் கண் முன்னால் ஓடுகிறது. நாயகி எந்த நொடியில் திரும்பிப் பார்ப்பாள், கதவு எந்த நொடியில் திறக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கேமில் கதவைத் திறப்பது விளையாடுகிறவரின் விரல். அவர் உடனே திறக்கலாம், அரை மணி நேரம் வாசலிலேயே சுற்றிக்கொண்டிருக்கலாம், திறக்காமலே திரும்பிப் போய்விடவும் செய்யலாம். இத்தனைக்கும் பொருந்துகிற இசையை முன்கூட்டியே எழுதி வைத்தாக வேண்டும். கேம் இசை மனத்தில் தங்குவதற்கும் மனத்தை உலுக்குவதற்கும் காரணம், இந்தச் சிக்கலுக்கு அதன் இசையமைப்பாளர்கள் கண்டுபிடித்த விடைகள்தாம் என்பது என் உறுதியான கருத்து.

முதல் விடைகளில் ஒன்று மிக எளியது. ஜப்பானின் டைட்டோ நிறுவனத்தில் தோமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கி 1978இல் வெளிவந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டில், இறங்குமுகமான நான்கே நான்கு கட்டை ஒலிகள்தாம் திரும்பத் திரும்ப ஒலிக்கும். எதிரிகளைச் சுட்டு வீழ்த்த வீழ்த்த, எஞ்சியிருப்பவர்களின் வேகம் கூடும்; அந்த நான்கு ஒலிகளும் அவர்களோடு சேர்ந்து விரைவுபடும். மெட்டு என்று சொல்லத் தக்க எதுவும் அதில் இல்லை. ஆனாலும் ஆடுகிறவர் செய்த செயலுக்கு இசை அந்தக் கணத்திலேயே பதில் சொல்கிறது, அந்தப் பதிலில் அவருடைய நெஞ்சு படபடக்கிறது.

அடுத்து, 1985இல் நின்டெண்டோ வெளியிட்ட 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்'. 1990களில் டிவியோடு இணைத்து ஆடும் 'கேசட்' கேம்கள் நம் ஊர்களுக்கு வந்தபோது இந்த மெட்டும் கூடவே வந்து சேர்ந்தது. இன்று நாற்பது வயதைத் தொடுகிறவர்களில் எத்தனையோ பேர், பெயர் தெரியாமலே, இதை முணுமுணுக்கக் கூடியவர்கள். இசையமைத்தவர் கோஜி கோண்டோ. படங்கள், கட்டளைகள், இசை எல்லாம் சேர்ந்து அந்த விளையாட்டு முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கே அதைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். அந்த விளையாட்டு ஓடிய நின்டெண்டோ கருவியின் ஒலிச் சில்லில் (சிப்) சுருதியோடு இசைக்க மூன்று குரல்களும், தாளத்துக்குப் பயன்படுத்த ஓர் இரைச்சல் ஒலியும்தான் அவருக்குக் கிடைத்தன. ஒரு குரலில் மெட்டு, இன்னொன்றில் அதற்கு இணையான குரல், மூன்றாவதில் அடிநாதம். மேலே பூசி மறைக்க எதுவும் கிடையாது. மெட்டு நொண்டினால் நொண்டியது அப்படியே வெளியே தெரிந்துவிடும்.

அந்தத் தொடக்கத்தைச் சற்று அருகில் வைத்துப் பாருங்கள். கீபோர்டின் C கட்டையை ஸட்ஜமாகக் கொண்டால் அது 'க க, க, ஸ க, ப' என்று மேலேறி, உடனே கீழ்ஸ்தாயிப் பஞ்சமத்துக்குத் தாவுகிறது. மொத்தம் ஏழே ஸ்வரங்கள். முதல் இரண்டு காந்தாரங்களும் அடுத்தடுத்து வருகின்றன. பிறகு ஒரு சிறு இடைவெளி, மூன்றாவது காந்தாரம், மறுபடியும் ஓர் இடைவெளி. கால் தட்டுகிற அடியின்மேல் சில ஸ்வரங்களும், இரண்டு அடிகளுக்கு நடுவே சில ஸ்வரங்களுமாக விழுவதால், கேட்கிறவரின் உடம்பு தன்னை அறியாமலே முன்னோக்கித் தள்ளப்படுகிறது. மாரியோ ஓடிக் குதிக்கும் வேகத்தோடு ஒட்ட வேண்டும் என்பதையே கோண்டோ இந்த மெட்டுக்கு அளவுகோலாக வைத்துக்கொண்டார். நிலத்தடிக் கட்டத்துக்குப் போனால் ஒவ்வொரு ஸ்வரமும் ஒரு ஸ்தாயி தாண்டிக் குதிக்கிற, இடையிடையே மௌனம் விட்டு ஒலிக்கிற வேறொரு இசை. நீருக்கடியில் நீந்தும்போது மூன்றடித் தாளத்தில் மிதக்கிற வால்ட்ஸ். கடிகாரம் நூறுக்குக் கீழே இறங்கினால் அதே இசை கூடுதல் அவசரத்தோடு ஓடத் தொடங்கிவிடும். ஆடுகிறவர் பொத்தானை அழுத்திக் குதிக்கும்போது எழும் ஒலிகூட, இசையின் ஒரு குரலைச் சற்றே நிறுத்திவிட்டு, அந்தக் குரலின் இடத்தில்தான் ஒலிக்கிறது. ஆக, அந்த இசையில் ஒரு பங்கை வாசித்தவர் ஆடியவரே. 2023இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், நாட்டின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இந்த மெட்டைச் சேர்த்தது. வீடியோ கேம் இசை ஒன்று அதில் இடம்பெற்றது அதுவே முதல் முறை.

ஒரே மெட்டை மணிக்கணக்கில் கேட்க நேர்கிறதே, அது சலிப்புத் தராதா என்று பெற்றோர் என்னிடம் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான், இசையமைப்பாளர்களும் இதைப் பற்றி மிகுந்த கவலையோடு யோசித்திருக்கிறார்கள். 1998இல் வெளிவந்த 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா: ஒகரீனா ஆஃப் டைம்' விளையாட்டில், நாயகன் அடிக்கடி கடந்து செல்லும் பரந்த வெளிக்கான இசையை, எட்டு பார் (ஆவர்த்தனம் போன்ற தாள அளவு) நீளமுள்ள பல துண்டுகளாகக் கோண்டோ எழுதினார். அந்தத் துண்டுகள் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு வரிசையில் சேர்ந்து ஒலிக்கும். எதிரி நெருங்கினால் இசை இறுகும், அசையாமல் நின்றால் அது அமைதியாகும். எந்தத் துண்டுக்குப் பின் எந்தத் துண்டு வந்தாலும் ஒட்டுப் போட்டது தெரியக் கூடாது என்னும் கட்டுப்பாட்டோடு எழுதிப் பார்த்தவர்களுக்கே அதன் கடினம் புரியும்.

அதே விளையாட்டில் ஓர் இசை ஆசிரியரை வியக்க வைக்கும் இன்னொரு செய்தி உண்டு. ஒகரீனா என்பது மண்ணால் செய்யப்படும் ஒரு சிறு ஊதுகருவி. ஆடுகிறவர் ஐந்து பொத்தான்களால் அதை வாசித்தாக வேண்டும். ஒரு மெட்டை வாசித்தால் குதிரை ஓடி வரும், இன்னொன்றால் மழை பெய்யும், வேறொன்றால் பகல் இரவாகும். ஐந்தே ஐந்து ஒலிகளிலிருந்து, ஒன்றோடொன்று குழம்பாத, ஒருமுறை கேட்டாலே நினைவில் நிற்கிற சின்னஞ்சிறு மெட்டுகள் பலவற்றைக் கோண்டோ கோத்திருக்கிறார். எந்தப் பயிற்சியும் இல்லாத பிள்ளைகள் அவற்றை மனப்பாடமாக வாசித்திருக்கிறார்கள். சரளி வரிசையை மனத்தில் பதிய வைப்பதற்கு நாங்கள் படும் பாட்டை எண்ணும்போது இது சாதாரண காரியம் அல்ல.

காட்சி மாறும்போது இசை வெட்டுப்பட்டதுபோல் அறுந்து விழாமல் இருக்கவும் தனியாக உழைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் லூக்காஸ்ஆர்ட்ஸ் நிறுவனத்தில் மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்கானலும் அதற்கென்றே ஐமியூஸ் என்னும் மென்பொருள் அமைப்பை உருவாக்கினார்கள். 1991இல் வந்த 'மங்கி ஐலண்ட் 2' விளையாட்டில், உடைந்த கப்பல்களாலான ஒரு சிற்றூரில் நாயகன் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம், அதே மெட்டு தாளம் தவறாமல் வேறு வாத்தியத்துக்குக் கைமாறுகிறது. கச்சேரியில் வயலின் விட்ட இடத்தை வீணை எடுத்துக்கொள்வதைப் போன்ற இசைவு அது.

இனி, கண்ணீரைப் பற்றி. 1997இல் வெளிவந்த 'ஃபைனல் ஃபேன்டஸி 7' விளையாட்டுக்கு நொபுவோ உவேமாட்சு அமைத்த இசை, இதை விளக்க எனக்குத் தெரிந்தவற்றுள் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. ஏரித் என்னும் பூக்காரப் பெண் கதையின் தொடக்கத்தில், ஒரு பழைய தேவாலயத்துக்குள் பூச்செடிகளுக்கு நடுவே நாயகனோடு பேசும்போது, அவளுக்குரிய மெட்டின் ஒரு மென்மையான வடிவம் பின்னணியில் ஒலிக்கிறது. அதன் பிறகு பல மணி நேரம் அவள் ஆடுகிறவரின் கூடவே வருகிறாள். அவளுக்கு ஆயுதம் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதும், அடிபட்டால் குணப்படுத்துவதும் அவர்தான். பின்னர் அவள் கொல்லப்படுகிறாள். அவளுடைய கூந்தலில் இருந்த வெண்ணிற மணி படிகளில் துள்ளித் துள்ளி உருண்டு நீரில் விழுகையில் அதே மெட்டு எழுகிறது. உடனே ஒரு பெரும் போர் தொடங்குகிறது. அதுவரை ஒவ்வொரு போருக்கும் முழங்கிய போரிசை இப்போது வரவில்லை. ஏரித்தின் மெட்டு அப்படியே தொடர்கிறது. கத்தியை வீசு, மருந்தைக் கொடு என்று கட்டளைகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே ஆடுகிறவர் அந்த இரங்கல் இசையைக் கேட்டாக வேண்டும். இதைச் செய்வதற்குப் பெரிய ஆர்கெஸ்ட்ரா எதுவும் அன்று பயன்படவில்லை. பிளேஸ்டேஷன் கருவியின் ஒலிச் சில்லே அந்த மெட்டை வாசித்தது. பார்வையாளராக உட்கார்ந்து ஒரு மரணத்தைப் பார்ப்பதும், தன் கையால் காத்து வந்த ஒருத்தியை இழந்த பிறகும் கை ஓயாமல் போரிட நேர்வதும் வேறு வேறு அனுபவங்கள். இந்த இரண்டாவது அனுபவத்துக்கு இசை எழுதும் வாய்ப்பு கேம் இசையமைப்பாளருக்கு மட்டுமே கிடைத்திருக்கிறது.

2005இல் வெளிவந்த 'ஷேடோ ஆஃப் த கொலோசஸ்' இன்னொரு வழியில் இதையே செய்கிறது. பதினாறு பேருருவங்களை நாயகன் ஒவ்வொன்றாகத் தேடிச் சென்று வீழ்த்த வேண்டும். அவன் குதிரையில் நெடுந்தூரம் போகும்போது இசையே கிடையாது, காற்றும் குளம்பொலியும்தான். பேருருவத்தைச் சந்தித்த பிறகே கோ ஓட்டானியின் இசை எழுகிறது, அதன் முதுகில் ஏறிப் பிடி கிடைத்ததும் பொங்குகிறது. கடைசியில் அது சாய்ந்து விழும்போது, வெற்றி முழக்கத்தை எதிர்பார்க்கும் காதில் ஒரு துயர இசை விழுகிறது. செய்தது சரிதானா என்று ஆடுகிறவர் தன்னைத்தானே கேட்கத் தொடங்கும் இடம் அதுதான். ஒரு வார்த்தை வசனம்கூட அங்கே இல்லை. இடைவெளி விட்டு ஒலிப்பதன் வலிமையை ஜெர்மனியைச் சேர்ந்த டேனியல் ரோசன்ஃபெல்ட் 'மைன்கிராஃப்ட்' விளையாட்டிலும் காட்டியிருக்கிறார். இன்றைய பிள்ளைகள் பலருக்கு அந்த மெல்லிய பியானோ ஒலிதான் குழந்தைப் பருவத்தின் இசை.

எல்லாக் கேம் இசையும் உயர்ந்தது என்று நான் வாதிட வரவில்லை. கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் விளையாட்டுகள் பலவற்றின் இசை உண்மையிலேயே சலிப்பூட்டுவது. பெரும் பொருட்செலவில் உருவாகும் கேம்களிலும், அயல்நாட்டுச் சண்டைப் படங்களின் பின்னணியை அப்படியே பின்பற்றி, முரசும் பித்தளைக் கருவிகளுமாக அதிர்வதோடு நின்றுவிடுபவை நிறைய. விளையாடி முடித்த மறுநாள் அவற்றில் ஒரு பாரைக்கூடப் பாடிக் காட்ட முடியாது. வசதி பெருகியபோது மெட்டு மெலிந்தது என்பது என் குறை. ஆனாலும் வசதியை நன்றாகப் பயன்படுத்தியவர்களும் உண்டு. 2012இல் வந்த 'ஜர்னி' விளையாட்டுக்கு ஆஸ்டின் வின்டரி அமைத்த இசையில், பாலைவனத்தில் தனியே நடக்கும் பயணியின் குரலாக ஒற்றைச் செல்லோ (வயலின் குடும்பத்துப் பெரிய கருவி) ஒலிக்கிறது. கேம் இசைக்கான முழுத் தொகுப்பு ஒன்று முதல் முறையாகக் கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது அப்போதுதான். 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில், 'டிராகன் குவெஸ்ட்' முதலிய ஜப்பானிய கேம்களின் இசை முழங்கத்தான் உலக நாடுகளின் வீரர்கள் அணிவகுத்து வந்தார்கள்.

தமிழுக்கும் இதில் நேரடிப் பங்கு வந்துவிட்டது. கனடாவின் டொரான்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட 'வெண்பா', 1980களில் கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சமையல் வழியாகச் சொல்கிறது. இட்லி ஊற்றும்போதும் குழம்பு கொதிக்கும்போதும், அந்தந்தக் காலத்துத் தமிழ்த் திரையிசையின் சாயலில் புதிதாக அமைக்கப்பட்ட பாடல்கள் அடுப்படியில் ஒலிக்கின்றன. ஆண்டுகள் கடந்து போவதைப் பாடல்களின் மாற்றத்தாலேயே நாம் உணர்கிறோம். இந்த விளையாட்டு 2024இல் முதல் படைப்புக்கான, பிரிட்டனின் பாஃப்டா விருதைப் பெற்றது. அதன் இசையைப் பற்றி விரிவான தமிழ்க் கட்டுரை எதுவும் என் கண்ணில் படவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

ஆகவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். கேம்களைப் பற்றி இனிச் செய்தியோ கட்டுரையோ வெளியிடும்போது, திரைப்பட விமரிசனத்தில் தவறாமல் குறிப்பிடுவதைப் போல, இசையமைத்தவரின் பெயரையும் ஒரு வரி சேர்த்து வெளியிடுங்கள். அடுத்து, கச்சேரிகளுக்கும் திரைப்பாடல்களுக்கும் ஒதுக்குகிற பக்கத்தில் மாதத்துக்கு ஒருமுறையேனும், இசை அறிந்த ஒருவரைக் கொண்டு, ஒரு கேமின் இசையை விரிவாக எழுதச் செய்யுங்கள். 'வெண்பா'விலிருந்தே அதைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகி,
இசை ஆசிரியை, கும்பகோணம்