காகிதக் கழிவைப் பாய்லரில் எரிப்பதைத் தடுக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய பேப்பரைக் கூழாக்கி மறுபடி காகிதம் செய்வது நல்ல தொழில்தான். அதில் மிஞ்சுவது எங்கே போகிறது என்பதுதான் என் கவலை. பழைய அட்டைப்பெட்டிகளோடு செலோடேப், பாலித்தீன் உறை, லேமினேஷன் எல்லாம் சேர்ந்தே ஆலைக்கு வருகின்றன. கூழ்த்தொட்டியில் இவை கரையாது; ஈரப் பிளாஸ்டிக் குவியலாக வெளியே விழும். அதை உலர்த்தி விறகோடு கலந்து, ஆலைக்கு நீராவி தரும் பாய்லரில் போட்டால், விறகுச் செலவும் மிச்சம், கழிவை அப்புறப்படுத்தும் செலவும் மிச்சம்.

திருமங்கலம் பக்கம் எங்கள் ஊரில் இரவானால் பிளாஸ்டிக் கருகும் வாடை அடிக்கிறது. மார்கழிப் பனியில் புகை மேலே போகாமல் தரையோடு படுத்துவிடுகிறது. விடியுமுன் மல்லிகை எடுக்கப் போகும் பெண்கள் அதைத்தான் சுவாசிக்கிறார்கள்.

கழிவில் பிவிசி என்ற பிளாஸ்டிக் கலந்திருந்தால் அதிலுள்ள குளோரினால் டையாக்சின், பியூரான் போன்ற நஞ்சுகள் உண்டாகும். அதனால்தான் குப்பை எரியுலைகளில் புகை 850 டிகிரிக்குக் குறையாத சூட்டில் 2 விநாடியாவது இருக்க வேண்டும் என்று ஐரோப்பாவில் விதி வைத்திருக்கிறார்கள். அப்படி எரித்தாலும், புகை ஏறத்தாழ 450 டிகிரியிலிருந்து 200 டிகிரிக்கு மெதுவாக ஆறும்போது டையாக்சின் மறுபடி உருவாகலாம். புகையின் சூட்டைத் தண்ணீருக்கு மாற்றி அதை ஆறவைப்பதுதானே பாய்லரின் வேலையே! விறகுக்கென்று கட்டிய பாய்லரில் இந்த நஞ்சைப் பிடிக்க எந்த ஏற்பாடும் இருக்காது. அது புல்லில் படிந்து, மாட்டின் வயிற்றுக்குப் போய், பாலின் கொழுப்பில் சேரும்.

அப்புறம் சாம்பல். பிளாஸ்டிக்கிலும் அச்சு மையிலும் இருக்கும் ஈயம், காட்மியம் போன்றவை எரிந்து மறைவதில்லை. அந்தச் சாம்பலைக் கண்மாய்க் கரையில் கொட்டினால் முதல் மழைக்கே தண்ணீரில் கலந்துவிடும்.

வழி இல்லாமல் இல்லை. மறுசுழற்சிக்கு உதவாத, கிலோவுக்கு 1500 கிலோகலோரிக்கு மேல் வெப்பம் தரும் கழிவைச் சிமெண்ட் ஆலை போன்ற இடங்களில் பயன்படுத்தலாம் என்று 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லின. சிமெண்ட் சூளைக்குள் சுண்ணாம்புக்கல் 1450 டிகிரி வரை வேகிறது. பக்கத்து விருதுநகர் மாவட்டத்திலேயே சிமெண்ட் ஆலை இருக்கிறது. பிவிசியைப் பிரித்துவிட்டு மீதியை அங்கே அனுப்ப ஆலைகளைக் கட்டாயப்படுத்தலாம்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரிகள் முன்கூட்டிச் சொல்லாமல் இரவில் வர வேண்டும். புகைபோக்கியை மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகாமல், எரிபொருள் குவித்திருக்கும் இடத்தையும் சாம்பலையும் சோதித்து, முடிவை ஊராட்சி அலுவலகத்தில் தமிழில் ஒட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருமங்கலம் வட்டம், மதுரை மாவட்டம்