ஆலை அறிந்தவர் அவையில் வேண்டும்

ஐயா,

இயற்பியலாளரும் தொழில்முனைவோருமான பில் ஃபாஸ்டர் 2008-இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை உறுப்பினரானது குறித்த தங்கள் கட்டுரை காலத்துக்கு ஏற்றது. ஃபெர்மி ஆய்வகத்தில் துகள் முடுக்கிப் பணி, சகோதரருடன் தொடங்கிய மேடை விளக்கு நிறுவனம் என இரண்டையும் அறிந்தவர் அவர். இத்தகையோர் நம் நாடாளுமன்றத்திலும் வேண்டும். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீரோடு போராடும் வேலூர், ராணிப்பேட்டை வட்டாரத்துக்கு மிகவும் வேண்டும்.

தோலைப் பதனிடச் சேர்க்கும் குரோமியம் என்ற உலோகத்தின் உப்பில், தோலில் ஏறாமல் கழிவுநீரில் தங்குவதை மெக்னீசியம் ஆக்சைடு கலந்து, கார நிலையை (pH) 8-க்கு மேல் நிறுத்திப் படியவிட்டு, தெளிந்த நீரை வடித்து, கந்தக அமிலத்தில் கரைத்தால் மறுபடி தோல் பதனிடும் டிரம்முக்கே பயன்படுத்தலாம். ஆனால் குரோம் நீருக்குத் தனி வாய்க்கால் இருக்க வேண்டும். தோலின் முடியை நீக்கும் சுண்ணாம்புத் தொட்டி நீர் அதில் கலந்துவிட்டால் கொழுப்பும் சேறும் சேர்ந்து மீட்பே கெட்டுவிடும். பல ஆலைகளில் தடுமாற்றம் இங்கேதான், வேதியியலில் அல்ல. சுத்திகரிப்பில் எஞ்சும் கலப்பு உப்புக்கோ வாங்குவோர் இல்லை. மூட்டைகளில் தேங்குவது மழையில் கரைந்தால் மீண்டும் பாலாற்றுக்குத்தான்.

அரசியல் சட்டத்தின் 80-ஆவது பிரிவுப்படி மாநிலங்களவைக்கு நியமிக்கப்படும் 12 பேரில் அறிவியலுக்கும் இடமுண்டு. தோல், கழிவுநீர்த் தொழில்நுட்பத்தில் ஆய்வும் ஆலை அனுபவமும் உள்ள ஒருவரை அதற்குப் பரிசீலிக்குமாறு நம் பகுதி மக்களவை உறுப்பினர்கள் மத்திய அரசை வலியுறுத்த வேண்டும்.

– வாசகர், ராணிப்பேட்டை