புதிய கிட்டார் கலைஞருக்கு உரிய காது கொடுப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ராக் இசைக்குழு ஒன்று புதிய கிட்டார் கலைஞரைச் சேர்த்துக்கொண்டு ஆல்பம் வெளியிடும்போதெல்லாம், 'முன்னவரைப் போல வாசிக்கிறாரா?' என்ற ஒரே கேள்வியோடு விமர்சனங்கள் முடிந்துவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

பிங்க் ஃபிளாய்டு என்ற ராக் குழுவின் கிட்டார் கலைஞர் சிட் பாரெட்டால் மேடையில் சரிவர வாசிக்க இயலாத நிலை வந்ததால், 1967 இறுதியில் அக்குழு டேவிட் கில்மோரை அழைத்துக்கொண்டது. சில நிகழ்ச்சிகளில் இருவரும் சேர்ந்தே வாசித்தனர். 1968இல் பாரெட் விலகினார். தொடக்கத்தில் பாரெட்டின் பகுதிகளையே வாசிக்க நேர்ந்தபோதிலும், கம்பியை இழுத்துச் சுரத்தை மெல்ல உயர்த்தி, அதை நீண்டு ஒலிக்க விடும் தமது பாணியைக் கில்மோர் வளர்த்தெடுத்ததால்தான் அக்குழுவின் பிற்கால இசை நமக்குக் கிடைத்தது. அதுபோல, 1974 இறுதியில் கிட்டார் கலைஞர் மிக் டெய்லர் விலகியபின், ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற மற்றொரு ராக் குழுவினர் கிட்டார் கலைஞர்கள் சிலரை வரவழைத்து, வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே அடுத்த ஆல்பத்தைப் பதிவு செய்தனர். அது 1976இல் வெளிவந்தது. அவர்களுள் நிலைத்தவர் ரான் வுட். 2003இல் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு அடுத்துள்ள பெங்களூருவில் அக்குழு வாசித்தபோதும் மேடையில் இருந்தவர் அவரே.

காவேரிப்பட்டணத்தில் என் தம்பி மகனும் அவன் நண்பர்களும் மாடி அறையில் தங்கள் சொந்தப் பாடல்களைப் பதிவு செய்து வருகிறார்கள். முன்பு கிட்டார் வாசித்தவர் ஓசூரில் வேலை கிடைத்துச் சென்றுவிட்டார். அவர் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனை ஏற்றிவைத்து, பல சுரங்கள் ஒருசேர ஒலிக்கும் கார்டுகளை அடர்த்தியாக அடிப்பார். புதியவரோ ஒவ்வொரு சுரத்தையும் பிரித்து மீட்டுகிறார். டிரம்ஸ் ஓசையில் முதலில் அவர் வாசிப்பது காதிலேயே விழவில்லை. டிரம்ஸ் வாசிப்பவர் சிம்பல் எனும் உலோகத் தட்டின் ஓசையைக் குறைத்து, தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பாஸ் கிட்டார்க்காரர் தம் வரிசையில் சில சுரங்களை விட்டுக்கொடுத்த பிறகுதான் பாட்டு பிடிபட்டது. ஒருவர் மாறினால் குழு முழுவதுமே வாசிப்பை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்தேன். இந்த உழைப்பு விமர்சனங்களில் ஒரு வரியாகக்கூட இடம்பெறுவதில்லை.

ஆகவே, இத்தகைய ஆல்பங்களைப் பற்றித் தங்கள் இதழில் எழுதும்போது, எந்தப் பாடல்கள் புதியவர் வருமுன்பே இயற்றப்பட்டவை, எவற்றில் அவருடைய பங்கு உண்டு, அவருக்காகக் குழு எதை மாற்றிக்கொண்டது என்பவற்றையும் கேட்டறிந்து வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.