மருந்து கேனில் தண்ணி வைக்காதே மச்சான்

அன்பு மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் ஓ.எல். பரீட்சை பாஸ் என்று வாசித்ததும் அம்மா லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டாள். இங்கே பண்டாரவளையில் மழை விட்டபாடில்லை.

நீ கோழி வளர்க்கப்போவது நல்ல காரியம். ஆனால் புல்லுக்கு மருந்து அடித்துவிட்டுப் போட்ட கேனை வெட்டித் தண்ணி வைக்கப்போகிறேன் என்கிறாயே, அது மட்டும் வேண்டாம். மூன்று தரம் அலசச் சொல்வது கேனைக் கழித்துப் போடுவதற்கு. குடிக்கிற தண்ணிக்கு அந்தக் கணக்குச் சரிவராது. பிளாஸ்டிக் மருந்தை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடும். அந்த முட்டையைத் தின்னப்போவது நம் பிள்ளைகள். பழைய பெயின்ட் டின்னும் ஆகாது, ஈயம் இருக்கலாம்.

ஐஸ்கிரீம் டப்பா, மாஜரின் வாளி போன்றவை நல்லது. அடியைத் திருப்பிப் பார்த்தால் முக்கோணத்துக்குள் 2 அல்லது 5 இருக்கும். அதை மட்டும் நம்பிவிடாதே. எண் பிளாஸ்டிக்கின் ஜாதியைத்தான் சொல்லும், முன்பு உள்ளே என்ன இருந்தது என்று சொல்லாது. மருந்து கேனின் அடியிலும் அதே 2 இருக்கும்!

உன் வீட்டுத் தகர வாளி நாகம், அதாவது சிங்க், பூசியதுதானே? வெறும் தண்ணிக்குப் பரவாயில்லை. யாராவது சொன்னார்கள் என்று வினாகிரி ஊற்றினால், புளிப்பு நாகத்தைக் கரைத்துத் தண்ணியில் இறக்கிவிடும். அதற்குப் பிளாஸ்டிக்தான் சரி.

முட்டைக்கோழி ஒன்றுக்கு நாளைக்குக் கால் லீட்டர் வைத்துக்கொள். பாத்திரத்தின் விளிம்பு கோழியின் முதுகு மட்டத்துக்கு வருகிற மாதிரி கல் அடுக்கித் தூக்கி வை. தரையில் வைத்தால் கிளறி எச்சம் விழும், பிறகு ரத்தக் கழிச்சல்தான். குஞ்சுகளின் தண்ணித் தட்டில் கூழாங்கல் போடு, விழுந்தாலும் மூழ்காது. உள்ளே வெளிச்சம் தெரிகிற போத்தலை வெயிலில் வைத்தால் பாசி பிடிக்கும்.

தீன் விஷயத்தில் நம் பக்கத்துப் பனிதான் எதிரி. மூடியுள்ள வாளியில் போட்டு, பலகை மேல் வை. பூஞ்சணம் பிடித்ததைக் காயவைத்துப் போடலாம் என்று உன் மாமி சொல்லுவார். காய்ந்தாலும் பூஞ்சணம் விட்ட நஞ்சு போகாது, கொட்டிவிடு.

பேக்கரியில் சொல்லி மாஜரின் வாளி இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன். தீபாவளிக்குத் தம்பி அட்டன் பக்கம் வருவான், கொடுத்துவிடுகிறேன். எத்தனை குஞ்சு எடுக்கிறாய், நாட்டுக்கோழியா பண்ணைக்கோழியா என்று எழுது.

உன் மச்சான்