லூயி ஆம்ஸ்ட்ராங் பற்றித் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

அமெரிக்கக் கறுப்பின ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் வீடியோவை நீ அனுப்பியிருந்தாய், பார்த்தேன். கைக்குட்டை, டிரம்பெட், காதுவரை சிரிப்பு. "வெள்ளைக்காரனிடம் பல்லைக் காட்டிப் பிழைத்தவர்தானே அண்ணா?" என்று கேட்டிருக்கிறாய். கறுப்பின ஜாஸ் கலைஞர்களே, டிஸ்ஸி கில்லெஸ்பி உட்பட, அவரை அப்படிச் சாடியதுண்டு. கில்லெஸ்பி பிற்பாடு மனம் மாறினார் என்பது வேறு விஷயம்.

1957 செப்டம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். அர்க்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில், ஒன்பது கறுப்பினப் பிள்ளைகள் வெள்ளையர் பள்ளிக்குள் நுழையாதபடி ஆளுநர் ஃபாபஸ் துருப்புகளை நிறுத்தியிருந்தார். ஜனாதிபதி ஐசன்ஹோவர் தலையிடாமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தார். ஆம்ஸ்ட்ராங் அப்போது வட டகோட்டாவில் ஒரு சின்ன ஊருக்குக் கச்சேரிக்கு வந்திருந்தார். 21 வயது உள்ளூர் நிருபர் ஒருவர் எப்படியோ ஹோட்டல் அறைக்குள் நுழைந்துவிட்டார். அவரிடம் மனிதர் கொட்டித் தீர்த்தார்: ஐசன்ஹோவர் துணிச்சலில்லாதவர், இரட்டை முகக்காரர், தெற்கில் தன் ஜனங்களை நடத்துகிற லட்சணத்துக்கு இந்த அரசாங்கம் நாசமாய்ப் போகட்டும். வெளியுறவுத் துறைக்காகப் போகவிருந்த சோவியத் பயணத்தையும் உதறினார். ஃபாபஸைப் பற்றிச் சொன்னது அச்சில் ஏறாது, இங்கேயும் வேண்டாம்.

செய்தி நிறுவனம் நம்பவில்லை. மறுநாள் நிருபர் எழுதியதை எடுத்துப்போய் நீட்டினார். ஆம்ஸ்ட்ராங் படித்துப் பார்த்து, அடியில் 'சாலிட்' (அதாவது, சரியாக இருக்கிறது) என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவர் இசைத்தட்டுகளைச் சில வானொலிகள் தூக்கிப் போட்டன. அவர் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை. ஒரு வாரத்தில், அந்தப் பிள்ளைகளைப் பள்ளிக்குள் அழைத்துப் போக ஐசன்ஹோவர் அனுப்பிய ராணுவம் லிட்டில் ராக் போனது. அவரால்தான் போனது என்று நான் சொல்லமாட்டேன்.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது நியூ ஆர்லியன்ஸ் விவகாரம். ஜாஸ் பிறந்த ஊர், அவரும் பிறந்த ஊர். 1956இல், அந்த ஊர் இருக்கும் லூசியானா மாநிலம், கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் வாசிக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. அவர் குழுவோ இரு நிறத்தவரும் கலந்தது. ஜாஸில் ஒருவர் தனியாவர்த்தனம் எடுத்தால் மற்றவர்கள் அடியில் தாங்கிப் பிடிப்பார்கள். அப்புறம் அடுத்தவர் முறை. அங்கே நிறத்துக்கு என்ன வேலை? வெள்ளைக்காரர்களைக் கழற்றிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அந்தச் சட்டத்துக்குப் பின் 1965 வரை அவர் சொந்த ஊரில் வாசிக்கவே இல்லை.

சரி, 1929இல் அவர் பதிவு செய்த 'பிளாக் அண்ட் ப்ளூ' பாட்டைத் தேடிக் கேள். கறுத்த பெண்ணொருத்தி காதல் கிடைக்காமல் புலம்புவதாக ஒரு மேடை நிகழ்ச்சிக்கு எழுதியது. அதைச் சொல்லும் தொடக்க வரிகளை இவர் விட்டுவிட்டுப் பாடியதும், அது ஓர் இனத்தின் புலம்பலாகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு கேள், சிரிப்பு குறுக்கே வராது.

அன்புடன்,
அண்ணன்