மசே நிதி (சிங்கப்பூரின் மத்திய சேமநிதி, சிபிஎஃப்) நியமனம் பற்றித் தமிழில் விளக்கமும் உதவியும் கோரும் மனு

பெறுநர்:
பொறுப்பு அதிகாரி அவர்கள்,
வட்டாரச் சேவை நிலையம்

பொருள்: திருமணம், மரணம், மணவிலக்குக்குப் பின் மசே நிதி உரிமை (முந்தைய மனுக்களின் தொடர்ச்சி)

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். இதே பொருள் பற்றி முன்பு அனுப்பிய மனுக்களுக்குப் பதில் வராததால் மீண்டும் எழுதுகிறோம். எங்கள் மார்சிலிங் வட்டாரம் நீங்கள் அறியாத இடமல்ல. ஈரச்சந்தைப் பக்கத்துப் பழைய புளோக்குகளில் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த மூதாட்டிகள் இருப்பதும் உங்களுக்குத் தெரியும். அவர்களுக்காகவே இந்த மனு.

1. மசே நிதி உறுப்பினர் திருமணம் செய்துகொண்டால், அதற்கு முன் செய்த நியமனம் (தமக்குப் பின் பணம் யாருக்கு என்று எழுதி வைப்பது) தானாகவே ரத்தாகிவிடும். கணக்கில் வருவது பதிவுத் திருமண நாள். தாலி கட்டிய நாள் அல்ல. நம்மவர்கள் பதிவை முதலில் முடித்துவிட்டு, கோயில் கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்த்து மாதக்கணக்கில் காத்திருப்பதுண்டு. இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்றுதான் வீட்டில் நினைப்பார்கள், சட்டப்படி ஆகிவிட்டது. பதிவுக்கு முன்பே வருங்கால மனைவியின் பெயரை எழுதி வைத்திருந்தாலும் செல்லாது, பதிவுக்குப் பின் புதிதாக எழுத வேண்டும்.

இதில் பெரிய அடி விழுவது விதவைத் தாய்க்கு. வேலையில் சேர்ந்ததும் மகன் தாயின் பெயரை எழுதுகிறான். பதிவுத் திருமணத்தன்று அந்தப் பெயர் போய்விடுகிறது. புதிய நியமனம் செய்யாமலே அவன் இறந்தால், பணம், அதைச் சட்டப்படி வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் அரசு அதிகாரியான பொது அறங்காவலரிடம் போகும். முஸ்லிம் அல்லாதவர் என்றால் மனைவிக்குப் பாதி, பிள்ளைகளுக்குப் பாதி. தாய்க்கு ஒரு காசு கிடையாது. பிள்ளைகள் இல்லாவிட்டால்தான் பெற்றோருக்குப் பாதி. உயிலில் எழுதினாலும் பயனில்லை; மசே நிதி உயிலுக்குள் வராது. மருமகளுக்கு மனமிருந்தாலும் பிள்ளைகள் பங்கில் கைவைக்க முடியாது. ஆயுள் முழுக்க வீட்டு வேலையே செய்த அந்தத் தாயின் சொந்தக் கணக்கில் என்ன இருக்கும்? மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் முதியோர் ஆதரவுத் தொகையை நம்பி எத்தனை நாள் ஓட்டுவார்?

ஐயா, இதைத் தடுக்க வேண்டியதெல்லாம் ஒரு சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கு), 21 வயது நிரம்பிய இரண்டு சாட்சிகள். பணம் பெறப்போகிறவர் சாட்சியாக நிற்கக்கூடாது, அவ்வளவுதான். மனைவிக்கு இத்தனை விழுக்காடு, தாய்க்கு இத்தனை என்று பிரித்தே எழுதலாம். இவ்வளவு சுலபமான காரியத்தைத் தமிழில் எடுத்துச் சொல்ல ஓர் ஆளை அனுப்புங்கள் என்றுதானே கேட்கிறோம்? இதற்குக்கூடவா பதில் இல்லை?

2. கணவர் இறந்தால், மசே நிதியிலிருந்து ஆயுள் முழுக்க மாதந்தோறும் பணம் தரும் சிபிஎஃப் லைஃப் திட்டத்தின் மாதத் தொகை அவரோடு நின்றுவிடும். ஊரில் அரசு ஊழியர் குடும்பத்துக்கு வருவதுபோல அப்பாவின் பென்ஷன் அம்மாவுக்கு வரும் என்று பலர் நம்பியிருக்கிறார்கள். வராது. கட்டிய சந்தாவில் அவர் வாங்கியது போக மீதியும், கணக்கில் எஞ்சிய சேமிப்பும்தான் கிடைக்கும். நீண்டகாலம் வாங்கியிருந்தால் சந்தாவில் மீதியே இருக்காது.

நியமனமும் இல்லையென்றால் மனைவி தன் உறவை ஆவணத்தால் காட்ட வேண்டும். தமிழ்நாட்டில் பதிவான திருமணம் என்றால் சான்றிதழுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு தேவை. அதில் அப்பா பெயர் வெறும் முன்னெழுத்தாக இருக்கும், இங்கே அடையாள அட்டையில் முழுப் பெயராக இருக்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்டுவதற்குள் அந்தப் பெண் ஓய்ந்துபோகிறார். தமிழ் முஸ்லிம் குடும்பம் என்றால் ஷரியா நீதிமன்றத்தின் வாரிசுச் சான்றிதழும் வேண்டும்.

3. மணவிலக்கு ஆனாலும் நியமனம் ரத்தாகாது! மாற்றாவிட்டால் பழைய துணைக்கே பணம் போகும். கல்யாணத்துக்கு ஒரு விதி, விலக்குக்கு வேறு விதி என்பது படித்தவர்களுக்கே குழப்பம்.

4. எங்கள் கோரிக்கை இரண்டுதான். மாதம் ஒருமுறை புளோக்கின் கீழ்த்தளத்தில் தமிழ் பேசும் அதிகாரி ஒருவரை உட்கார வையுங்கள். திருமணம் பதியும் தம்பதிகளுக்கு ஒரு பக்கத் தமிழ் அறிவிப்புத் தாளும் கிடைக்க வழி செய்யுங்கள். மேசை, நாற்காலி, சாட்சிக்கு ஆள் எல்லாம் நாங்கள் ஏற்பாடு செய்கிறோம். அதிகாரியை மட்டும் அனுப்புங்கள், ஐயா. முடியாது என்றால் அதையாவது எழுத்தில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வட்டாரத் தமிழ்க் குடியிருப்பாளர்கள் சார்பில்,
தொண்டூழியர்கள்,
மார்சிலிங்